வாத்தியார் அனுப்பிய மூட்டை

பாளையம்பட்டியில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் ஆதார் அட்டையோடு வருவார்கள், இல்லாவிட்டால் அவசரத்தோடு வருவார்கள். இரண்டும் இல்லாமல் வருகிறவர் செல்வக்குமார் வாத்தியார் ஒருவர்தான். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் டவுன் பஸ் மாறி, சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவார். மடக்குக் கம்பு என் கடைப்படியில் தட்டும். "நல்லமுத்தண்ணே, மெஷினு இன்னும் சூடாகலையா?" என்பார். ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே கடையில் கூட்டமா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவருக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அப்பா பால்ச்சாமி கூலி வேலை பார்த்தவர், பிறகு விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் பிடித்து மிளகாய் போட்டவர். பிள்ளையை மதுரையில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். வரலாறு படித்து, பி.எட். முடித்து, தேர்வெழுதி, இப்போது ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறார். மனைவி முத்துலட்சுமி அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறது. இவ்வளவுதான் அவர் கதை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வினாத்தாள் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பார். ஸ்கிரீனை அணைத்துவிடுவார். "அது எதுக்குண்ணே எனக்கு, சும்மா சார்ஜத் தின்னும்" என்பார். காதில் ஹெட்போன், கை பாட்டுக்கு கீபோர்டில் ஓடும். வந்து போகிறவர்கள் அந்த இருட்டு ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஒரு அம்மாள் என் காதருகே வந்து, "ஏப்பா, கரண்டே இல்லாம என்னத்தத் தட்டுறாரு?" என்று கேட்டது. "கரண்டு இருக்கு, வெளிச்சம்தான் இல்லை" என்றேன். அந்த அம்மாளுக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

உள்ளே இருக்கிற ஒரு குரல்தான் அவருக்குக் கண். ஸ்கிரீனில் இருப்பதை எல்லாம் அது வாசித்துக் காட்டும். இங்கிலீஷுக்கு ஒரு குரல், தமிழுக்கு ஒரு குரல். பாடப்புத்தகம், வினாத்தாள், செய்தித்தாள் எல்லாம் தமிழ்க் குரலில்தான் கேட்பார்.

போன பங்குனியில், பரீட்சை நேரத்தில், அந்தத் தமிழ்க் குரல் நின்றுபோனது.

அன்றைக்கு அவர் கடைக்கு வந்தபோது முகம் சரியில்லை. கடுகடுவென்று இருந்தார். விசாரித்தால், ராத்திரி லேப்டாப்பில் தானாக ஏதோ அப்டேட் ஏறியிருக்கிறது, காலையில் தமிழ் போய்விட்டது. இங்கிலீஷை வாசிக்கிறது. தமிழ் வரி வந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகிறது.

"போன் வாசிக்குமே வாத்தியாரே?" என்றேன்.

"வாசிக்கும். போன்லயே வினாத்தாள் அடிச்சுத் திருத்தச் சொல்றீகளா?" என்று எரிந்து விழுந்தார்.

"அப்ப வீட்ல வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

"அவ நல்லாத்தான்ணே வாசிப்பா. ஆனா மில்லுல இருந்து வந்து கொட்டாவி விட்டுக்கிட்டே வாசிப்பா. பிடிக்காத பக்கத்தத் தாண்டிருவா. நடுவுல 'இந்த ராசாவுக்கு வேற வேலையே இல்லையா, வருசத்துக்கு ஒரு சண்டை'ன்னு ராசாவைத் திட்டுவா. கேக்க நல்லாருக்கும். ஆனா அவ வாசிச்சா அது அவ படிச்ச புத்தகம்ணே. நான் படிச்சதாகாது."

தானே ஒரு புத்தகத்தைப் படிப்பது என்பது அந்த மனுசனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம்தான் விஷயத்தை விளக்கினார். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். அவர் லேப்டாப்பில் ஓடுவது காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள். உலகத்தில் யார் யாரோ சும்மா எழுதி, சும்மா கொடுப்பது. எழுதுகிறவர் எழுதிப் போட்டால் மட்டும் போதாது, அது நம் கம்ப்யூட்டரில் வந்து ஒழுங்காக உட்கார வேண்டும். ஒரே சட்டைத் துணியை ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கிற மாதிரி, அதற்கென்று ஒருவர் பேக்கேஜாகக் கட்டித் தரவேண்டும். தமிழ்க் குரலை எழுதியவர்கள் கோளாறை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். அதைப் புதுசாகக் கட்டித் தருகிற ஆள்தான் கட்டவில்லை.

"யாரு அந்த ஆளு?"

"கோகுல்னு பேரு போட்டிருக்கு. கோயம்புத்தூர். வேறொண்ணும் தெரியாது."

"சம்பளம்?"

"கிடையாது."

"பின்னே எதுக்குச் செய்றாரு?"

"அதான்ணே எனக்கும் தெரியல" என்றார் வாத்தியார். கோபம் குறைந்து, முகத்தில் ஏதோ ஒரு யோசனை வந்திருந்தது. அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டது. சம்பளமில்லாமல், பேர் புகழில்லாமல், கண்ணால் காணாத ஆட்களுக்காக ஒருவன் ஏன் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை வாத்தியாரே துப்புத் துலக்கிக்கொண்டு வந்தார். கோகுல் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மிச்ச நேரத்தில்தான் இந்த வேலை. ஒரு பேக்கேஜில் ஆரம்பித்து, மற்றவர்கள் விட்டுவிட்டுப் போனதெல்லாம் அவர் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு பொதுப் பக்கத்தில் அவரே எழுதியிருந்தாராம்: குழந்தை பிறந்திருக்கிறது, என்னால் முடியவில்லை, யாராவது கை கொடுங்கள், ஜூன் முதல் வாரத்துக்குள் புதுப்பிக்காததை எல்லாம் மென்பொருள் தொகுப்பின் அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். தமிழ்க் குரலும் அதில் ஒன்று.

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து லேப்டாப்புண்ணே இது. கோகுல் மாதிரி ஆளுக கட்டிப் போடுற இடத்துல இருந்து முறையா வாரது மட்டும்தான் இதுல ஏறும். வெளியில இருந்து நான் ஒண்ணும் போட முடியாது. பூட்டி வச்சிருக்காக."

கடையில் சும்மா கிடந்த என் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். பூட்டில்லாதது. அதில் வைத்துக் கட்டிப் பார்க்கலாம் என்றார். சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தினமும் வந்துவிட்டார். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ரோட்டில் தார் உருகும். கரண்டு போகும், வரும். போகும்போதெல்லாம் வாத்தியார் யாரையென்று இல்லாமல் திட்டுவார், வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த வேலையை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். இங்கிலீஷ் குரல் வாசிக்க வாசிக்க, தப்பு வந்த இடத்தைத் தேடி, திருத்தி, மறுபடி கட்டி. ஒருநாள் என் பழைய பெட்டியிலிருந்து திடீரென்று தமிழ் வந்தது. மிளகாய் வாங்கப் போகிற வழியில் ஜெராக்ஸ் எடுக்க வந்த அழகுத்தாய் மதினி பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டது.

"அப்புறமென்ன, அனுப்பிவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"இருங்கண்ணே. அந்தத் தம்பி தலையில இன்னும் எவ்வளவு கிடக்கு. எல்லாத்தையும் முடிச்சிட்டு மொத்தமா அனுப்புவோம்."

எனக்கு அது சரியென்றுதான் பட்டது. எங்கள் பக்கத்து ஆள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வாத்தியார் சின்னப் பையனாக இருந்தபோது அவர் அப்பாவுக்குக் கால் ஒடிந்துவிட்டது. மிளகாய் செடியிலேயே பழுத்துக் கிடக்கிறது. ஒருநாள் விடியுமுன்னே ஊர்க்காரர்கள் போய் மொத்தக் காட்டையும் பறித்து, களத்தில் காயப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். படுத்துக்கிடக்கிறவனிடம் போய் 'பறிக்கட்டுமா' என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் அவனைச் சிறுமைப்படுத்திய மாதிரி. பாதியில் விட்டாலும் சிறுமைதான். செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும், சொல்லாமல் செய்ய வேண்டும். வாத்தியாரும் கோகுலுக்கு ஒரு வரி எழுதவில்லை. லீவு முழுக்க உட்கார்ந்து அவர் பொறுப்பில் இருந்த எல்லாவற்றையும் புதுப்பித்து, ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினார். அன்றைக்கு எனக்கும் கடைக்கு வந்தவர்களுக்கும் உளுந்தவடை வாங்கிக் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தது முகம்.

பதில் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போனது. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது, எடுத்துவிடுகிற நாளும் நெருங்கியது. வாத்தியார் வந்து உட்கார்வார், பார்ப்பார், டீ குடிக்காமல் போவார். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ" என்று கோகுலுக்காக அவரே சாக்குச் சொல்லிக்கொண்டார். எனக்கு அந்தக் கோகுல் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுசன் கோடை முழுக்க உன் வேலையைச் செய்திருக்கிறான், ஒரு வார்த்தை நன்றி சொல்ல உனக்கு என்ன கேடு?

கடைசியில் ஒரு வரி வந்தது. இது குறித்துப் பேச வேண்டும் என்று சொல்லி, ஒரு போன் நம்பர்.

அன்று மத்தியானம் கடையில் ஆளில்லை. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எனக்கும் அந்தக் குரலைக் கேட்க வேண்டியிருந்தது.

"சொல்லுங்க" என்றது ஒரு சோர்ந்த குரல். பின்னால் கைக்குழந்தை அழுதது. வாத்தியார் பேரைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அனுப்புனதத் திறந்து பார்த்தேன், அப்படியே மூடிட்டேன். இத்தனையையும் மொத்தமா அனுப்புனா நான் என்ன பண்றதுங்க? ஒவ்வொண்ணையும் நான் பிரிச்சுப் பார்த்து, கட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தான் உள்ள விடணும். ஒண்ணுல தப்பிருந்தா மொத்தமும் நிக்கும். இதுக்கு நானே செஞ்சிருந்தா பாதி நேரந்தான் ஆகியிருக்கும். ரெஸ்யூமேல போட்டுக்கறதுக்குப் பசங்க நிறையப் பேர் இப்படி மூட்டை கட்டி அனுப்பறாங்க. அது உதவியில்லீங்க, எனக்கு இன்னொரு லோடு."

வாத்தியாரின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. யாரைப் பார்த்து ரெஸ்யூமே என்கிறாய்? 'தம்பி, அவருக்குக் கண்ணு தெரியாது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் மூச்சு இழுத்த சத்தத்திலேயே வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. என் கையை எட்டிப் பிடித்து, வலிக்கிற மாதிரி அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நான் வாத்தியாரு தம்பி" என்றார் மெதுவாக. "ரெஸ்யூமேயெல்லாம் முடிஞ்சு போச்சு. உங்களக் கேக்காமச் செஞ்சது தப்புதான். எப்படி அனுப்பணும், சொல்லுங்க. மூட்டையப் பிரிச்சிருவோம்."

அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு ஒண்ணா அனுப்புங்ணா. எது அவசரமோ அதை மட்டும் முதல்ல."

"தமிழ்க் குரலு."

"அதா?" கோகுலுக்கு ஆச்சரியம். "அதை விட்றலாம்னுதான் இருந்தேன். நான் கட்டிப் போட்டு மூணு வருசமாச்சு, இதுவரைக்கும் ஒரு ஆள் அதைப் பத்தி எழுதுனதில்ல. யாரும் போட்டுக் கேக்கறாங்களான்னே தெரியலீங்ணா."

"பரவால்ல தம்பி, அதையே முதல்ல பாருங்க" என்று மட்டும் சொல்லி வாத்தியார் போனை வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. "ஏன் வாத்தியாரே, உண்மையச் சொல்ல வேண்டியதுதானே? சொல்லியிருந்தா அந்த ஆளு இந்நேரம் ஓடி வந்து செஞ்சிருப்பாரே!"

"செஞ்சிருப்பாரு. பாவம் பார்த்து, பிரிச்சுக்கூடப் பார்க்காம சரின்னு போட்டு விட்டிருப்பாரு. உள்ள தப்பு இருந்தா?" வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வேலைக்கு எத்தனை பேரு பாவம்னு மார்க்குப் போட்டிருக்காக தெரியுமாண்ணே? இது போய் என்னை மாதிரி ஆளுக காதுல பேசப் போறது. இதுல போய்ப் பாவம் பாக்கச் சொல்றீகளா?"

நான் டீ சொல்லப் போனேன்.

அன்றைக்கே வாத்தியார் மூட்டையைப் பிரித்து, தமிழ்க் குரலை மட்டும் தனியாக அனுப்பினார். நல்லவேளை, கண் விஷயத்தைச் சொல்லவில்லை. கோகுல் அதை அலசி ஆராய்ந்து, சில வகைக் கம்ப்யூட்டர்களில் பாதி வாக்கியத்தில் குரல் நின்றுபோகிறது என்று திருப்பி அனுப்பினார். என் கடைப் பெட்டியில் அது தெரியவே இல்லை. வாத்தியார் மறுநாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். திருத்தி அனுப்பினார். இன்னொரு சின்னத் தப்பு என்று மறுபடியும் வந்தது. "கண்கொத்திப் பாம்பா இருக்காருண்ணே அந்தத் தம்பி" என்று வாத்தியார் சொன்னபோது அதில் குறை இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அவரைச் சரிக்குச் சரியாக நடத்துகிற ஒரு ஆளிடம் சண்டை போடுகிற சந்தோஷம்.

எடுத்துவிடுகிற நாளுக்கு முந்தின நாள் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை. வாத்தியார் கம்பை வேகமாகத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். லேப்டாப்பில் அப்டேட் ஏறிவிட்டது. ராத்திரி ஒரு பாடம் முழுக்கத் தானே படித்தாராம். முத்துலட்சுமி பக்கத்தில் தூங்கிவிட்டதாம், ஒரு ராஜாவையும் திட்டாமல். சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோகுலுக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஒரு நிமிசம் இருங்க. ஒரு ஆளு உங்ககிட்டப் பேசணுமாம்" என்று சொல்லிவிட்டு, கடகடவென்று ஏதோ தட்டினார். ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

லேப்டாப் பேசியது. பேசியதா, பொரிந்ததா என்று தெரியவில்லை. அவ்வளவு வேகம். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"அண்ணா, என்னங்ணா அது? ஒண்ணுமே புரியலையே" என்றார் கோகுல்.

"அடடா, நான் கேக்குற வேகத்துல வச்சிட்டேன்" என்று வாத்தியார் வெட்கப்பட்டு, வேகத்தைக் குறைத்தார். மறுபடியும் ஓட்டினார். இப்போது அந்தத் தட்டையான குரல், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், நிதானமாகச் சொன்னது:

"கோகுல் தம்பி, வணக்கம். நான் செல்வக்குமார். எனக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது. நீங்கள் கட்டிப் போட்ட நாளிலிருந்து இந்தக் குரலில்தான் நான் படிக்கிறேன். என் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் இதைக் கேட்டுத்தான் பதில் சொல்கிறேன். யாரும் உங்களுக்கு எழுதவில்லை என்றீர்கள். நானும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் பொறுப்பில் இருக்கும் மிச்சத்தை ஒவ்வொன்றாக நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கோ குழந்தை சிணுங்கியது. வாத்தியார் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றது கோகுலின் குரல். "இன்னொரு தடவை போடுங்ணா. என் வீட்டுக்காரியக் கூப்பிடறேன்."